ஒன்பது நாள் தாண்டிய கேமரா

குன்னத்துகால் பக்கத்துச் சபைக்காரர்கள் வீட்டில் எது நடந்தாலும் விஜயதாஸைத்தான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு வருஷமாக அவன்தான் போட்டோக்காரன். கல்யாணத்தில் முகம் கோணினால் இன்னொன்று எடுக்கலாம். அடக்கத்தில் அது நடக்காது. குழிக்கரையில் பெட்டியைச் சுற்றி வீட்டார் நிற்பார்கள், ஒரு படம் எடுப்பான், அப்புறம் மூடி விழுந்துவிடும்.

இப்படிப்பட்ட வேலை பார்க்கிறவன் ஒரே ஒரு கேமரா வைத்திருந்தான் பாருங்கள், அதுதான் கூத்து. வாங்கி ஒன்றரை வருஷத்திலேயே அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே ஷட்டர் சிக்கிக்கொண்டு, திரையில் எரர் என்று காட்டும். பேட்டரியைக் கழற்றிப் பத்து எண்ணி மாட்டினால் சரியாகிவிடும். இரண்டு வருஷ வாரன்டி முடியுமுன்பே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அவன் மனைவி ஜிஜா நச்சரித்துப் பார்த்தாள். கொடுத்தால் மூன்று வாரம் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அதற்குள் யாராவது செத்துப்போனால் என்ன செய்வது என்று இவன் கேட்டான். ஈஸ்டர் கழியட்டும், கல்யாண மாசம் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான். ஊரார் சாவுக்கெல்லாம் காவல் இருந்தவன், தன் பில்லில் இருந்த தேதியைப் பார்க்கவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனபோது வாரன்டி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கவுண்டரில் இருந்தவள் நல்ல பெண்தான், திட்ட முடியாது. முன்பே புகார் பதிந்திருந்தால் ஏதாவது பார்க்கலாம், இப்போது இந்த மாடலுக்கு ஷட்டரே வருவதில்லை என்றாள். ஒன்பது நாள்தானே, ஒன்பது நாள்தானே என்று விஜயதாஸ் கெஞ்சினான். அவள் பில்லை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். காட்டாக்கடையில் ரிப்பேர் பார்க்கிற ஒருவன் அதைத் திறந்து துடைத்துப் பார்த்துவிட்டு, ஓடுகிறவரை ஓடும் என்று கையை விரித்தான்.

அடுத்த வாரமே சத்தியதாஸ் இறந்தார். கேமராவைக் கண்டாலே வாழைத்தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும் மனுஷன் அவர். அவர் மனைவி சுகுமாரி காலையிலேயே விஜயதாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்யாண போட்டோவ கறையான் தின்னுட்டு மக்கா. அவரும் நானும் சேந்து வேற ஒண்ணுகூட இல்ல. நீயாக்கும் எடுத்துத் தரணும்.”

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபத்தை முடித்தார். வீட்டார் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். விஜயதாஸ் அமுக்கினான். எரர். கழற்றினான், பத்து எண்ணினான், மாட்டினான். எரர். சட்டைப்பையில் போன் இருந்தது. போட்டோக்காரன் போனில் எடுப்பதா என்று கை அங்கே போக மறுத்தது. கர்த்தாவே, இந்த ஒரு படத்தை மட்டும் விழச்செய்யும், பிறகு இதை நெய்யாற்றில் போட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு மறுபடி அமுக்கினான். எரர். மூடியைத் தூக்கியவர்கள் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்கள்.

“எடுத்தாச்சா மக்கா?” என்று சுகுமாரி கேட்டாள்.

ஆச்சு என்று சொல்லிவிடலாம். சொன்னால் மூடி விழும், கூட்டம் கலையும், அவன் பேரும் இன்னும் நாலு நாள் பிழைத்திருக்கும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“படம் விழல்ல அக்கா. கேமரா போச்சு. பெட்டிய மூடாண்டாம்.”

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. சுகுமாரியின் மருமகன் சஜு வரிசையிலிருந்து வெளியே வந்து தன் போனை உயர்த்தினான்.

“அண்ணா, இச்சிரி மாறி நில்லுங்க. உங்க நெழலு மாமாமேல விழுவுது.”

இருபத்திரண்டு வருஷமாக அவன் மற்றவர்களிடம் சொல்லிவந்த வார்த்தை அது. விஜயதாஸ் மாறி நின்றான். ஒரு நொடியில் வேலை முடிந்தது. சஜு போனை நீட்ட, சுகுமாரி கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நல்லா விழுந்திருக்கு, இது போதும் என்றாள். மூடி விழுந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு ஞானஸ்நானம் இருந்தது. விஜயதாஸை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் போன் இருக்கிறது, அதுவே போதும் என்று பிள்ளையின் அப்பன் சொன்னானாம்.