அவளிடம் மட்டும் வந்த பெண்கள்

அந்தக் காலனியை என்னிடமிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். துறைமுகத்துக்குத் தெற்கே, முத்தையாபுரம் பஸ் போகிற வழியில் என் பகுதி. பாதி, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தெருக்கள். கடைக்காரர்களும் துறைமுக ஊழியர்களும் இருக்கிற வீடுகள். மீதி, ரோட்டைத் தாண்டி உப்பளத் தொழிலாளர் காலனி. மாதாந்திர முகாமைப் பல வருஷமாகத் தெருவிலிருந்த சமுதாயக் கூடத்தில்தான் நடத்தினேன். அங்கே ஃபேன் இருந்தது. எதிர்க்கடை அண்ணாச்சி டீ அனுப்புவார். காலை பத்துக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குப் பூட்டிவிடலாம்.

காலனிப் பெண்கள் வருவது அபூர்வம். வந்தாலும் படிக்கட்டிலேயே நின்றுகொள்வார்கள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவர்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்ததில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதுவேன். "எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாங்க மேடம்" என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவிடம் புலம்பியும் இருக்கிறேன்.

அவள் ஒப்பந்தத்தில் வந்த நர்ஸ். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். காலனியைப் பிரித்து அவளிடம் கொடுத்ததும், ‘பட்டுத் தெரிஞ்சுக்கிடட்டும்’ என்று நினைத்தேன்.

முதல் மாதம் அவள் முகாமே போடவில்லை. விடியற்காலையில் ஸ்கூட்டரில் போய், அளத்துக்கு வண்டி ஏறக் காத்திருக்கும் பெண்களிடம் நின்று பேசினாள். உங்களுக்கு எப்போது நேரம், எங்கே வைத்தால் வருவீர்கள், உடம்புக்கு என்ன என்று கேட்டாளாம். அளத்தில் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் அவர்கள் வெயிலில் தண்ணீரே குடிக்காமல் உப்பு வாருகிறார்கள், பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. இதை அவள் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். அத்தனை வருஷம் நான் அவர்களுக்கு இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் காலனிக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகையில், மதியம் மூன்று மணிக்கு முகாம் வைத்தாள்.

"யாரும் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"இடம் பத்தலக்கா. பாதிப் பேரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் முகாம் நாளில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். பஸ்ஸுக்கு நிற்பதுபோல ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். ஒரு கிழவி அவள் தோளில் கை போட்டு, "ஏ பிள்ள, சாப்ட்டியா?" என்று கேட்டது இங்கே வரை கேட்டது. என்னை ஒருத்தியும் தொட்டதில்லை. அவர்களுக்கு நான் ‘மேடம்’தான்.

ஒரு நாள் அவள் வந்து, பெண்களைப் படுக்கவைத்துப் பார்க்க என்னிடமிருந்த துணி ஸ்கிரீனைக் கேட்டாள். துணை சுகாதார நிலையத்துக்கே அது ஒன்றுதான். "ஸ்கிரீன் கால் ஒடிஞ்சு கிடக்கு" என்று சொல்லிவிட்டேன். அது நன்றாகத்தான் இருந்தது. காலனிப் பெண்களே நாலு பேர் சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்களாம். அதற்குள்ளே ஒரே சிரிப்பாம். நான் சொன்ன பொய்கூட அவளுக்குத்தான் சாதகமாகப் போனது.

மாதக் கூட்டத்தில் டாக்டரம்மா அவளைப் பாராட்டினார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மதியம் முகாம் வச்சா ரிப்போர்ட் லேட்டாகுது மேடம்" என்றேன்.

"நீங்க காலையில வச்சப்போ காலனியிலேருந்து எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் பதிவேட்டைப் புரட்டினேன், பதில் அதில் இருப்பதுபோல.

பிறகு ஒரு மாதம் முகாம் நாளில் அவள் குழந்தைக்குக் காய்ச்சல். அவள் முகாமுக்கு என்னைப் போகச் சொன்னார்கள். கொட்டகையில் நுழைந்ததும், "சிஸ்டர் வரலியா?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். ஒருத்தி மட்டும் கேட்கவில்லை. பிரஷர் பார்க்கக் கையை நீட்டினாள்.

"என்னைய ஞாபகம் இருக்கா மேடம்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மாசமா இருந்தப்போ உங்க கூடத்துக்கு வந்தேன். மேஸ்திரிகிட்டக் கெஞ்சிட்டு, உப்புக் காலோட ஓடி வந்தேன். நீங்க பூட்டிக்கிட்டு இருந்தீய. ‘பன்னெண்டு மணி வரைக்கும்னு தெரியாதா’ன்னீய. கால் வீங்குதுன்னு சொல்லுதேன், நீங்க பஸ்ஸப் பாத்துக்கிட்டே நின்னீய."

"பெறவு?"

"பெறவு ஜன்னி வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ. நான் பொழைச்சேன். பிள்ளை தங்கல."

சண்டை பிடிப்பதுபோலச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் பெயருக்கு நேரேயும் ‘வரவில்லை’ என்றுதான் எழுதியிருப்பேன். "தப்புதான்மா" என்றேன். அவள், "பிரஷர் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் ஸ்கிரீனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த நர்ஸ் பெண்ணிடம் கொடுத்தேன். "கால் ஒடியல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்க்கா. கூட்டிப் பெருக்குற அம்மா அன்னைக்கே சொல்லிட்டாவ" என்று சிரித்தாள். இத்தனை மாதமும் தெரிந்துகொண்டே என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றி தோன்றியிருக்க வேண்டும். இதையும் இவள்தான் நன்றாகச் செய்ய வேண்டுமா என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனாலும் அவள் செய்ததை நானும் செய்து பார்த்தேன். என் தெருக்களில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பால் பூத் பக்கம் நிறுத்தி, எப்போது தோதுப்படும் என்று கேட்டேன். சாயங்காலம் ஐந்து மணி என்றார்கள். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். வாசலில் தயங்கியவர்களை நாற்காலியில் உட்காரவைத்தேன். அதைப் பார்த்து எழுந்துபோன ஒரு வீட்டுக்கார அம்மாவை நான் திரும்பக் கூப்பிடவில்லை.

போன வருஷம் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்து, சாத்தான்குளம் பக்கம் போய்விட்டாள். காலனி மறுபடி என்னிடம் வந்தது. நேரத்தையும் இடத்தையும் நான் மாற்றவில்லை. முதல் முகாமுக்கு எல்லாரும் வந்தார்கள். பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி செல்போனை ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டுவிட்டாள். வரிசையே போனைச் சுற்றிக்கொண்டது. மாத்திரை, மருமகள், மழை என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

"அக்கா நல்லாப் பாப்பாவ, பயப்படாதீய" என்றது அவள் குரல்.

"கையை ஆட்டாதீய" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் அடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.