சிதம்பரம் போகும், ஏறு!

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம், டிக்கெட் பதினைந்து ரூபாய். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதே தூரத்தை நான் மூன்றே கால் மணி நேரத்தில் கடந்தேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2008 மே மாதம், ஒரு புதன்கிழமை. ரயில் பாதையை அகலமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அப்போது ரயில் கிடையாது. தபால் வழிப் பட்டப்படிப்பில் எனக்கு மீதியிருந்தது ஒரே ஒரு தாள். சிதம்பரத்தில் காலை பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரைக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள். அந்தத் தாளை முடித்தால்தான் அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு. போன வருஷம் காய்ச்சலில் அதைத் தவறவிட்டேன். என்னைவிட ஆறு வயது சின்னவள் எனக்கு வரவேண்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இந்த முறையும் விட்டால் என்னால் தாங்க முடியாது.

துணைக்கு என் கணவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊரே பொங்கலுக்கு வெள்ளையடித்தால் எங்கள் வீட்டுக்கு ஆடி மாதத்தில் வெள்ளையடிப்பார். தெருவில் எல்லாரும் செல்போன் வாங்கினார்கள் என்பதற்காகவே அவர் வாங்கவில்லை. 'ஆட்டு மந்தை' என்ற வார்த்தை அவர் வாயில் நாளைக்கு நாலு தடவை வரும். நானோ ஜவுளிக் கடையில் நாலு பேர் கைவைத்த சேலையைத்தான் நானும் எடுப்பேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது சொந்தப் புத்தி இருந்திருந்தால் அன்றைக்கு இவ்வளவு பாடு இல்லை.

காலை 7.00, கடலூர் பஸ் நிலையம். 'சிதம்பரம்' என்று பெரிதாக எழுதிய வண்டி உள்ளே நுழைந்ததும் கூட்டம் பாய்ந்தது. ஜன்னல் வழியாகத் துண்டு, பை, ஒரு பப்பாளிப்பழம்கூட சீட்டுகளில் போய் விழுந்தன. நானும் என் ஹால் டிக்கெட் பையை எறிந்து இடம் பிடித்துவிட்டேன்.

"சிதம்பரம் போவுமா?" என்று எனக்கு முன்னால் நாலு பேர் கேட்டார்கள். "போவும், ஏறு ஏறு" என்றார் கண்டக்டர். ஐந்தாவதாக நானும் அதையே கேட்டேன். அதே பதில் வந்தது.

7.25, கேப்பர் மலை. நெரிசலில் நீந்தி வந்த கண்டக்டர், "சிதம்பரம், ஆளுக்கு இருபத்திநாலு" என்றார்.

"பதினஞ்சுதானே?"

"அது புதுச்சத்திரம் வழி. இது வடலூர், சேத்தியாத்தோப்பு சுத்திப் போறது, ஒம்பதரைக்குப் போயிடும். போர்டுலயே போட்டிருக்கே, படிக்கலியா?"

போட்டிருந்தது. சிதம்பரம் என்ற எழுத்துக்குக் கீழே, எறும்பு அளவில், 'வழி' என்று தொடங்கி மூன்று ஊர்கள். அவ்வளவு பேரும் ஏமாந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் ஏமாறவில்லை. பப்பாளிக்காரருக்குக் குறிஞ்சிப்பாடி, பக்கத்துச் சீட்டுக்கு வடலூர். கூட்டம் தான் போகவேண்டிய இடத்துக்குச் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தப்பு வண்டியில் ஏறியது நான் ஒருத்தி.

"எறங்கிடலாம் மாமா."

"எதுக்கு? எல்லாரும் அந்த வழியாத்தான் போவாங்க. நாம இப்படிப் போவோமே! ஒம்பதரைக்குப் போயிடும்னு சொல்றாரு இல்ல?"

ஒன்பதரை என்றால் நேரம் இருக்கிறது, உட்காரவும் இடம் கிடைத்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

8.15, வடலூர். வண்டி பாதி காலியானது. அங்கே செலின் என்ற நர்ஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். புவனகிரியில் வேலை. பத்து நிமிஷத்தில் என் பரீட்சைக் கதை முழுவதையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

9.05, சேத்தியாத்தோப்பு. கடைத்தெருவில் ஒரு உறுமல் உறுமி வண்டி நின்றது. பின்னாலேயே இன்னொரு சிதம்பரம் வண்டி வந்தது. எங்கள் வண்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு அதை நோக்கி ஓடினார்கள். செலின் மட்டும் ஓடவில்லை. நேரே டிரைவரிடம் போய் ஏதோ கேட்டார், பிறகு வேகமாக நடந்து அந்த வண்டியில் ஏறி, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி அழைத்தார்.

நான் எழுந்தேன். மாமா என் முந்தானையைப் பிடித்தார். "ஆட்டு மந்தை மாதிரி ஓடாத. அதுல கால் வைக்க எடமில்ல. இது இப்ப கெளம்பிடும், காலி வண்டில ஜம்முனு போலாம்."

காலையில் கூட்டத்தோடு ஓடித்தானே கெட்டேன் என்று எனக்கும் ரோஷம் வந்தது. உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படி உட்கார்ந்திருந்தபோது என்னைப் பெரிய புத்திசாலி என்றே நினைத்துக்கொண்டேன். அந்த வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. செலின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்.

9.25. எங்கள் வண்டி கிளம்பவில்லை. டிரைவர் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்க் கேட்டேன்.

"இதுவா? மெக்கானிக் விருத்தாசலத்துலேர்ந்து வரணும்மா. பதினோரு மணியாவும்."

"இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அந்த நர்ஸம்மா கேட்டாங்க, சொன்னேன். நீங்க கேக்கலியே!"

மாமாவைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவரைத் திட்டினால் என்னையும் சேர்த்துத் திட்ட வேண்டும். காலையில் நாலு பேர் கேட்ட கேள்வியைக் கேட்டேன். இப்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு முறையும் கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன், கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

பார்த்தேன். மணி ஒன்பது இருபத்தெட்டு. ஒரு வேன்காரர் "சிதம்பரம், உடனே கெளம்புது" என்று கத்திக்கொண்டிருந்தார், ஆறு பேர் உள்ளே இருந்தார்கள். "எத்தினி பேர் சேந்தா கெளம்புவீங்க?" என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். அடுத்த பஸ் எப்போது என்று பூக்காரப் பெண்ணிடம் கேட்டேன். பத்து மணிக்குத்தான் என்றாள். ஆட்டோ நிறுத்தத்துக்குப் போனேன்.

"பத்து இருபதுக்குள்ள சிதம்பரத்துல விட முடியுமா?"

ஆட்டோக்காரர் யோசித்தார். அவர் யோசித்ததே எனக்குப் பிடித்திருந்தது. "புவனகிரில நெரிசல் இல்லன்னா விட்டுடலாம்க்கா. எரநூத்தம்பது ஆவும்."

"பஸ்ல ஒம்போது ரூபா!" என்றார் மாமா.

"நீங்க அதுலயே வாங்க மாமா" என்று ஏறி உட்கார்ந்தேன். அவரும் ஏறினார். புவனகிரிப் பாலம் வரைக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். வெள்ளாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது.

10.20, பரீட்சை நடக்கும் கட்டடம். மூச்சிரைக்க உள்ளே போய் உட்கார்ந்தேன். எல்லாரும் படித்து வந்த நோட்ஸைத்தான் நானும் நெட்டுருப் போட்டிருந்தேன். அதிலிருந்து வந்தவற்றை எழுதினேன். கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. ஊர்ப்புறத்தில் ஆலைகள் வருவது நன்மையா தீமையா, உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உமது கருத்து. முப்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் இதைக் கேட்கிறார், அதுவும் காகிதத்தில். எங்கள் தெருவில் எல்லாரும் ஆலை வேண்டாம் என்பார்கள். அதனாலேயே மாமா வேண்டும் என்பார். எனக்கு என்ன தெரியும்? என் அக்கா மகன் ஆலைக்கு வேலைக்குப் போன பிறகுதான் அவர்கள் வீட்டுக் கூரை ஓடானது தெரியும். அதே அக்கா குடிதண்ணீருக்கு லாரியின் பின்னால் குடத்தோடு ஓடுவதும் தெரியும். இரண்டையும் எழுதினேன். ஆலை வருவதற்கு முன்னால் யாரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதினேன். கை வலித்தது.

மாலை 4.00, சிதம்பரம் பஸ் நிலையம். கடலூருக்கு இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றில் மூச்சுவிட இடமில்லை, இன்னொன்று காலி. மாமா காலி வண்டியை நோக்கி நடந்தார்.

நான் நெரிசல் வண்டிக் கண்டக்டரிடம், "எந்த வழியாப் போவுது, எத்தினி மணிக்குப் போய்ச் சேரும்?" என்றேன்.

"புதுச்சத்திரம் வழி, அஞ்சேகால். ஏறுறதுன்னா ஏறும்மா, கேள்வி மேல கேள்வி கேக்காத!"

"இதான் மாமா சீக்கிரம் போவும். அது சேத்தியாத்தோப்பு சுத்து, போர்டுல சின்னதாப் போட்டிருக்கு."

"அந்தக் கூட்டத்துலயா? நீ போ, நான் உக்காந்துகிட்டு வரேன்."

போனேன். முட்லூர் வரை ஒற்றைக் காலில் நின்றேன், ஆலப்பாக்கத்தில் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு வடித்து இறக்கிய பிறகு, ஏழரைக்கு அவர் வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார்: "பரீட்சை எப்படியாம்? வந்தவங்கல்லாம் ஈஸின்னாங்களா, கஷ்டம்னாங்களா?"

அவரையே பார்த்தேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக ஊரை எதிர்த்தே வாழ்ந்த மனுஷன். ஊர் என்ன சொன்னது என்று தெரியாவிட்டால் அவருக்கு எதிர்க்கவும் வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யாரையும் கேக்கல மாமா" என்றேன். "எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. எழுதிட்டேன்."