உன்னிச்சை வரை கேட்ட நேர்முகப் பரீட்சை

அறுபதுகளின் கடைசிப் பகுதி. கச்சான் காற்று அனலாய் அடித்த ஒரு காலை. மட்டக்களப்பு நகரில், நீர் இறைக்கும் மிசின் விற்கிற ஒரு கம்பனியின் மாடியில், நேர்முகப் பரீட்சைக்காக மச்சானின் களிசானையும் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சப்பாத்து எனக்குப் பெரிது. நான் நடந்து கொஞ்சம் கழித்துத்தான் அது நடக்கும்.

வேலை என்ன தெரியுமா? கந்தோருக்கு வருகிற ஆட்களோடு கதைக்க வேண்டும். டெலிபோனில் கூப்பிடுகிறவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். விளம்பரத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் கதைத்ததற்காக எத்தனை நாள் முழங்காலில் நின்றிருப்பேன்! அதற்கு இப்போது சம்பளமா?

ஆனால் விஷயம் சிரிக்கக்கூடியதாக இருக்கவில்லை. எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பார். மாமியாராக வர இருந்தவ பாசத்தோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா: "வேலையோட வாங்க மனே, இஞ்ச வந்திருந்து வேலை தேட வேணாம்." அதற்குள் இரண்டு வேலை கை நழுவிப் போயிருந்தது. ஆவணிக்குள் ஒன்றும் சரிவராவிட்டால் பேச்சை விட்டுவிடுவதாகக் கேள்வி.

உள்ளே கூப்பிட்டார்கள். மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஆளைப் பார்ப்பவர். கதிரையில் இருந்ததுதான் தாமதம், ஊருக்கே கதை அளக்கும் என் வாய் பூட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டார். சொன்னேன். சொன்னது என் பெயர்தானா என்று எனக்கே சந்தேகம்.

"ஒருத்தர் கோபமா வந்து மேசையில அடிச்சா என்ன செய்வீர்?"

ஒரு கிழமையாகப் பாடமாக்கியதை எல்லாம் விட்டுவிட்டு, வாய் தன்பாட்டில் உண்மையைச் சொன்னது.

"ஓடிருவன் சேர்."

அவர் பேனையை மூடி வைத்தார். அதோடு என் கலியாணமும் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மேசையில் டெலிபோன் அடித்தது. "எடுத்துக் கதையும் பாப்பம்" என்றார். பரீட்சையா தண்டனையா தெரியவில்லை. அதுவரை நான் டெலிபோனைத் தொட்டதே இல்லை. காதில் வைத்தால், உள்ளே எங்கேயோ அடியாழத்தில் ஒரு குரல், "உன்னிச்சை... உன்னிச்சை..." என்று ஒரு தூரத்து வயற்கிராமத்தின் பெயரைச் சொல்லி முனகியது.

நான் வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வளர்ந்தவன். தூரத்தில் இருக்கிற ஆளோடு கதைக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தோணி எதிர்க்கரையில் நின்றால், துறையில் நின்று, அடிவயிற்றில் இருந்து மூச்சை எடுத்து, தண்ணீருக்கு மேலால் கூவுவோம். அதைத்தான் செய்தேன்.

"ஓ...ய்! உன்னிச்சையில ஆரு...? சொல்லுங்கண்ணே...!"

வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் நெருப்புப் பிடித்துவிட்டது என்று எண்ணி உள்ளே ஓடி வந்தார்கள். மனேஜர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஐசே, பிறகு டெலிபோன் எதுக்கு? யன்னலைத் திறந்து கூப்பிடும்!" என்றார்.

ஆனால் அந்தப் பக்கத்து ஆளுக்கு அது நன்றாகக் கேட்டிருக்கிறது. லைனில் அப்படி இரைச்சல். அவரும் தபாற்கந்தோரில் நின்று என்னைப் போலவே கத்தினார்.

"மூணு நாளா எடுக்கிறன் மனே! கேக்குதில்ல எண்டு வெச்சிடுறாங்க. மிசின் நிண்டு போச்சு. வேளாண்மை குடலையில நிக்கிது, கருகப் போகுது!"

குடலை என்றால் கதிர் வெளியே வருமுன் பயிரின் வயிற்றில் இருக்கிற பருவம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் அந்தப் போகம் முழுக்கப் பதர்தான். மிசினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. வேளாண்மையைப் பற்றித் தெரியும். பயம் எங்கே போனதோ, வாய் திறந்துகொண்டது. புத்திதான் இன்னும் வந்து சேரவில்லை.

"பயப்பிடாதீங்கண்ணே! நாளைக்குக் காலம்பற முதல் பஸ்சில மெக்கானிக் வருவாரு!" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் யோசித்தேன், நான் இன்னும் இந்தக் கம்பனியில் வேலைக்கே சேரவில்லையே!

"ஆரைக் கேட்டு மெக்கானிக்கை அனுப்பினீர்?" என்றார் மனேஜர்.

"அவரு அழுதிருவாரு போல இருந்திச்சு சேர்..." என்று இழுத்துக்கொண்டே எழும்பினேன். வாசலைப் பார்த்து இரண்டு அடி வைத்த பிறகுதான் தெரிந்தது, ஒரு சப்பாத்து கதிரைக்கடியில் கிடக்கிறது.

அதை எடுக்கக் குனிந்தபோது மேலே இருந்து குரல் வந்தது. "வாக்குக் குடுத்தது நீர். நீரும் மெக்கானிக்கோட போம். மிசின் ஓடினா நாளையிண்டைக்கு வேலைக்கு வாரும். ஓடாட்டி அங்கயே நிண்டு தண்ணி அள்ளி ஊத்தும்."

மெக்கானிக், ஏறாவூர் முஸ்லிம் ஒருவர்; அண்ணன் என்ற முறையில் எல்லாருக்கும் அவர் 'காக்கா'. பஸ்சில் வழி முழுக்க என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தார். "கம்பனியில சேந்த பொறகுதான் ஆக்கள் எனக்கு வேலை வெப்பாங்க தம்பி. நீங்க சேர முந்தியே வெச்சிட்டீங்களே!"

உன்னிச்சையில் இறங்கினால், அந்த விவசாயி தெருவிலேயே நின்றார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "டெலிபோனில கதைச்ச பெரியவரு வரல்லையா?" என்றார். காக்கா என்னைக் காட்டினார். இன்றைய என் தொந்தி வண்டியைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், அன்று நான் காற்றடித்தால் பறக்கிற உருவம்.

"இந்த ஈர்க்கிலுக்குள்ளயா அவ்வளவு சத்தம்!"

காக்கா மிசினைக் கழற்றித் துடைத்தார், எண்ணெய்க் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தார், கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இருமிவிட்டு நின்றது. மறுபடி சுற்றினார். கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. நான் கொக்கட்டிச்சோலைச் சிவனில் தொடங்கி, நகரத்து மாதா கோயில் வரைக்கும் ஒருவரையும் விடாமல் நேர்த்தி வைத்தேன். மூன்றாம் முறை மிசின் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் பாய்ந்ததும், மச்சானின் களிசானோடு வாய்க்காலுக்குள் குதித்து ஒரு கூத்தே ஆடினேன்.

அந்த விவசாயியும் சிரித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "நீங்க 'மெக்கானிக் வருவாரு' எண்டு சொன்ன சொல்லை நம்பித்தான் மனே, மூணு நாளைக்குப் பொறகு நேத்து ஒழுங்காச் சோறு திண்டன்" என்றார்.



ஆவணியில் என் கலியாணம் நடந்தது. அந்த வேலையில் இருந்து எத்தனையோ பேருக்கு மறுமொழி சொல்லியிருக்கிறேன், சிரிப்புக்கும் முசுப்பாத்திக்கும் குறைவில்லை. ஆனால் "ஆள் வருவார்" என்று யாருக்காவது சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை நம்பி எங்கோ ஒரு மனிதர் சோற்றுக் கோப்பையைப் பக்கத்தில் இழுக்கிறார் என்ற நினைப்பு வந்துவிடும். ஆளை அனுப்பிய பிறகுதான் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.