நான் எழுதாமல் விட்ட காரணம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பயிற்சி இன்ஜினீயராகச் சேர்ந்திருந்தேன். செயற்கைக் கால்களுக்கான பாதத் தகடுகளை கார்பன் இழையில் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு இழைத் துணியை அச்சில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் பிசின் தடவி, சூட்டில் இறுக வைக்க வேண்டும். அடுக்குகிற வேலையைச் செய்தவர் திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் வரும் ஓர் அக்கா. தினக்கூலி. அந்த மாதம் அவரை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். என் பயிற்சிக் காலமும் அந்த மாதம்தான் முடிகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் நான் ஒட்டிப் பழகியது அலுமினியத்தை. ஒட்டும் முன் அசிட்டோனில் துடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. இழைத் துணியும் விரலுக்கு லேசாக வழவழப்பாக இருந்ததால், அதையும் அசிட்டோனில் அலசச் சொன்னேன். யாரையும் கேட்கவில்லை.

இரண்டாம் நாளே அக்கா வந்து நின்றார். "மேடம், அலசினா துணி பஞ்சு மாரி பிரியுது. கையில குத்துது. முன்னாடி இப்டி இல்ல. வாணாமே."

சுத்தத்தைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்தேன். படித்தவர்கள் சொன்னால் சரி என்று அலசப் போய்விட்டார்.

அந்தத் தகடுகளை வளைத்துச் சோதித்தபோது எல்லாம் அடுக்கடுக்காகப் பிரிந்தன. உடைந்த இடத்தை பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இழைகளில் ஒரு துளி பிசின்கூட ஒட்டாமல் உருவிக்கொண்டு வந்திருந்தன. காரணங்களை எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். பட்டியல் போடுவது எனக்குக் கைவந்த வேலை. பிசின் பழசு, கலவை விகிதத் தவறு, காற்றில் ஈரம், சூடு போதாமை, கை எண்ணெய். ஐந்தும் எழுதிய பிறகுதான் இழை வந்த பெட்டியின் அடியில் கிடந்த தயாரிப்பாளரின் தாளைப் படித்தேன். இழையின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று போட்டே அனுப்புகிறார்கள். பிசின் இழையைப் பிடித்துக்கொள்ள உதவுவது அந்தப் பூச்சுதான். அசிட்டோன் போன்ற எதிலும் கழுவக் கூடாது என்று அதில் இருந்தது. சேர்ந்த அன்றே படித்திருக்க வேண்டிய தாள்.

பேனா கையில்தான் இருந்தது. ஆறாவது வரியை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேனேஜர் ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டார். அதற்குத்தான் கைகாட்ட ஓர் ஆள் இருந்தார். கையுறை கேட்டும் வாங்கித் தராத கம்பெனி, எண்ணெய்க் கையோடு வேலை செய்ததாகச் சொல்லி அக்காவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றது.

அக்கா மேனேஜரிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினார். "தலைக்கு எண்ணெ வெச்சி மூணு மாசம் ஆவுது மேடம். கையில ஒட்டும்னு நானேதான் உட்டுட்டேன். உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்கோ."

எனக்குத் தெரியும். அவருடைய பரட்டைத் தலையை மற்ற பெண்கள் கேலி செய்ததைக் கேட்டிருக்கிறேன்.

"நான் கவனிக்கலக்கா" என்றேன்.

வெளியே டிபன் பாக்ஸை எடுக்க வந்தவர் என் மேஜையருகே நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. "அலசச் சொன்னதையும் கவனிக்கல, இல்ல?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

மறுநாள் அலசுவதை நிறுத்தினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புதிதாகச் செய்த தகடுகள் பிரியவில்லை. "பாத்தியாம்மா, அந்தம்மா போனதும் எல்லாம் ஒட்டுது" என்றார் மேனேஜர். நான் சிரித்தும் வைத்தேன். அதே வாரம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

தெரியாமல் அலசச் சொன்னது யாரும் செய்யக்கூடிய தப்பு என்று என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது; தெரிந்த பிறகு போட்ட கையெழுத்துக்குச் சொல்ல இன்றுவரை எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.