பூவரச நிழலுக்குள் வந்த கட்டை

காலை 6.10. தன்னாமுனைச் சந்தியில் திருகோணமலை பஸ்ஸை மறித்து ஏறினேன். மடியில் மடிகணினி, கால்களுக்கிடையே ஆளுயர அளவுகோல்கள் இரண்டு.

"மீன் புடிக்கவா தங்கச்சி?" என்றார் நடத்துனர்.

"கரை அளக்க."

"அளந்து முடிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்று முந்நூறு ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டு வருடமாகக் கதிரவெளிக் கரையின் அகலத்தையும் சரிவையும் அளந்து, அது இனி எப்படி மாறும் என்று கணினியில் கணித்து வருகிறேன். கடல் நகரவில்லை என்றது கணிப்பு. அதைச் சொல்லத்தான் யோகம் அக்காவிடம் போனேன். கருவாடு போட்டுப் பிள்ளைகளை வளர்ப்பவர்; மறுநாள் அந்தக் கரையில் கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட இருந்தார்.

8.20. கடைசியாக ஒருமுறை அளந்துவிடலாம் என்று, எல்லா அளவும் தொடங்கும் இடமாக முதல் வருடம் நான் நட்ட கட்டையடிக்குப் போனேன். தோளில் வெயில் படவில்லை. கட்டை பூவரச நிழலுக்குள் நின்றது. தொடக்கத்தில் தண்ணீர் குடிக்கக் கட்டையடியிலிருந்து அந்த மரத்துக்கு நடந்து போவேனே!

"அக்கா, கட்டையை ஆரும் தொட்டாங்களா?"

"ஓம் புள்ள, நான்தான். மாரியில கடல் கிட்ட வந்திச்சு. புள்ளட கட்டை போயிருமெண்டு புடுங்கிப் பின்னால நட்டன். முதல் பதினொரு காலடி. மறுகா போன மாரியில பதினெட்டு."

கடலோடு கட்டையும் பின்வாங்கியதால்தான் என் அளவு மாறாமல் இருந்திருக்கிறது. கட்டையிலிருந்து கடல் பக்கம் மட்டுமே அளந்தேன். ஒருநாளும் மரத்தின் பக்கம் திரும்பி அளக்கவில்லை.

கட்டையிலிருந்து கடலை நோக்கி, அக்காவின் காலடியிலேயே இருவரும் எண்ணிக்கொண்டு நடந்தோம். இருபத்திரண்டில் அலை தொட்டது. இருபத்தொன்பதில் முழங்கால் நனைந்தது.

"இதிலயா கட்டை நிண்டது?"

"ஓம் அக்கா. இங்க வீடு கட்ட ஒண்ணாது. என்ட கணக்குப் பிழைச்சிட்டு."

அவர் திரும்பி, அத்திவாரத்துக்குப் பிடித்திருந்த கயிறுகளைப் பார்த்தார். சேலையைப் பிழிந்தார்.

"கட்டையைத் தூக்கின எனக்கு வீட்டைத் தூக்க ஏலாதா? றோட்டுப் பக்கம் அம்மாட வளவு வெறுங்காணியாக் கிடக்கு. வா, கயித்தைப் புடி."

பகல் 1.30. பஸ்ஸுக்குப் புறப்படும்போது, "இனிக் கடல் எடுத்தாலும் கட்டையைத் தொடாதீங்க அக்கா" என்றேன்.

"எடுத்தா உனக்கு வேற கட்டை வேணுமே" என்று கவலைப்பட்டார்.

எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் அம்மா என் புத்தகங்களை ஒழுகாத மூலைக்கு மாற்றி மாற்றி வைப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. திரும்பி வந்து தேடும்போது ஒன்றும் வைத்த இடத்தில் இருக்காது. ஒன்றும் நனைந்தும் இருக்காது.