கடைசி எழுத்தில் தப்பிய வைரஸ்

லேபில் அவளுக்குப் பெயர் 'மறுபடி'. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. எந்த வேலையை முடித்தாலும், "எதுக்கும் மறுபடி ஒரு தடவை பாத்துடலாமே" என்பாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போவாள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். "என்னையும் இப்படித்தான் மறுபடி மறுபடி விசாரிச்சுக் கட்டிக்கிட்டா. அப்படியும் ஏமாந்துட்டா, பாவம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான் கணவன்.

அவள் வேலை பார்த்தது இறால் குஞ்சுகளுக்கு நோய் இருக்கிறதா என்று சோதிக்கும் லேபில். வைரஸின் மரபணு என்பது நாலே எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதிய நீளமான வரிசை. அந்த வரிசையில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் இரண்டு குட்டித் துண்டுகளுக்குப் பிரைமர் என்று பெயர். அவை ஒட்டிவிட்டால் நடுவில் இருக்கும் பகுதி நகலுக்கு நகல் என்று பெருகும். கணினித் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். ஒட்டாவிட்டால் கோடு படுத்தே கிடக்கும், 'வைரஸ் இல்லை' என்று சான்றிதழ் போய்விடும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் எந்தப் பண்ணைக்காரரும் குஞ்சு வாங்க மாட்டார்.

அப்படி ஒரு சான்றிதழோடு போன குஞ்சுகள்தான் இப்போது வினையாகிவிட்டன. ஒரு பண்ணைக்காரரின் குளத்தில் இறால் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தது. அவர் செத்த இறாலை வேறொரு லேபுக்கு அனுப்பிப் பார்த்தார். அங்கே வேறு முறையில் சோதித்து, வைரஸ் இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். குஞ்சு விற்றவன் என்ன செய்திருப்பான்? வேறெங்கோ நல்ல குஞ்சாக வாங்கி லேபுக்குக் கொடுத்துவிட்டு, சீக்குக் குஞ்சைப் பண்ணைக்காரர் தலையில் கட்டியிருப்பான். ஊரே அப்படித்தான் பேசியது. குஞ்சு விற்றவன் வேறு யாருமில்லை, மறுபடியின் கூடப்பிறந்த அண்ணன்.

வெள்ளிக்கிழமை பண்ணைக்காரர் சங்கம் கூடப் போகிறது. அண்ணனுடைய குஞ்சு பொரிப்பகத்தை அன்றைக்கு, நம்பிக் குஞ்சு வாங்கலாம் என்ற பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். தூக்கினால் அவ்வளவுதான், கடையைக் கட்ட வேண்டியதுதான். அதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. சாகும்வரை சாம்பிள் திருடன் என்ற பெயர்.

அவள் நேரே பொரிப்பகத்துக்குப் போனாள். காற்று பம்புகளின் இரைச்சலில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணா, சாம்பிளை மாத்திக் கொடுத்தியா?"

அண்ணன் கையிலிருந்த வலையைத் தொட்டி விளிம்பில் வைத்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டான். ஊர் கேட்டதற்கெல்லாம் மல்லுக்கு நின்றவன், தங்கை கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். சொல்லாமல் போனதுதான் அவளைப் போட்டு அரித்தது.

மறுநாள் லேபுக்கு வந்ததும் வராததுமாகக் கணினி முன் உட்கார்ந்தாள். ஒன்று அண்ணன் பொய், இல்லாவிட்டால் பிரைமர் பொய். மூன்றாவது வழி கிடையாது. இதில் என்ன கொடுமை என்றால், அந்தப் பிரைமரைச் சரிபார்த்ததே அவள்தான். உலகத்து ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் தாங்கள் கண்டெடுத்த மரபணு வரிசைகளைப் போட்டு வைக்கும் பொதுத் தரவுத்தளம் ஒன்று உண்டு. பிரைமரின் எழுத்துகளை அதில் கொடுத்துத் தேடினால், எந்தெந்த வைரஸோடு எவ்வளவு பொருந்துகிறது என்று வந்துவிடும். அன்றைக்குத் தேடினாள், நூறு சதவீதம். மறுபடி தேடினாள், நூறு சதவீதம். அதற்கும் மறுபடி!

இன்றைக்கும் தேடினாள். பக்கம் பக்கமாகப் பதிவுகள் வந்தன, அத்தனையும் நூறு சதவீதம். வேறொரு நாளாக இருந்தால் குஷியில் டீ சொல்லியிருப்பாள். இன்று முடியவில்லை. பிரைமர் சுத்தம் என்றால் அண்ணன் திருடன்.

மனசு கேட்காமல் அந்தப் பதிவுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். நடுப்பகுதியில் ஒரே கந்தரகோலம். இந்த வைரஸில் இங்கே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அந்த வைரஸில் அங்கே இரண்டு. ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் பிரைமர் ஒட்டும் இரண்டு ஓரங்கள் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

'அதெப்படி? நடுவுல இந்த ஆட்டம் ஆடுற வைரஸ், ஓரத்துல மட்டும் சாதுவா இருக்குமா?'

சட்டென்று பொறி தட்டியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டாள்.

"மேடம்! மேடம், இங்க வாங்க, ஓடி வாங்க!"

லேபின் தலைவி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார். "என்னம்மா, எங்க தீப்பிடிச்சுது?"

"மேடம், இந்தப் பதிவெல்லாம் யார் போட்டது? நம்மள மாதிரி லேபுங்கதானே? எந்தப் பிரைமரால நகல் எடுத்துப் போட்டாங்க?"

"இதே பிரைமராலதான். எல்லாரும் இதைத்தானே வச்சிருக்கோம்."

"பிஸ்கட் அச்சால மாவை வெட்டினா ஓரம் எப்படி மேடம் இருக்கும்? அச்சு மாதிரிதானே இருக்கும்! நகல் எடுக்கும்போது பிரைமரும் ரெண்டு ஓரத்துலயும் சேர்ந்தே ஒட்டிக்கிட்டு வந்துடுது. அதை நறுக்காம அப்படியே ஏத்தி வச்சிருக்காங்க. நான் பார்த்தது வைரஸோட எழுத்தே இல்ல. நம்ம பிரைமரோட எழுத்து! பிரைமரைக் கொண்டுபோய்ப் பிரைமரோடவே பொருத்திப் பார்த்துட்டு நூறு சதவீதம்னு குதிச்சிருக்கேன்."

மேடம் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! நானும்தானே கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்! சரி, முழு மரபணு போட்டவங்க பதிவை மட்டும் எடு. அவங்க இந்தப் பிரைமரை நம்பி இருக்க மாட்டாங்க. சீக்கிரம், சீக்கிரம்!"

முழு மரபணுப் பதிவுகள் கொஞ்சமாகத்தான் இருந்தன. இருவரும் திரையில் மூக்கை இடித்துக்கொள்ளாத குறையாகக் குனிந்தார்கள். பழைய வைரஸ்களில் பிரைமர் கச்சிதமாகப் பொருந்தியது. அண்மையில் எடுத்தவற்றில், பிரைமரின் கடைசி எழுத்துக்கு நேராக வேறோர் எழுத்து. ஒன்றில், அடுத்ததில், அதற்கடுத்ததிலும்! நடுவில் ஓர் எழுத்து போனால்கூடப் பிரைமர் எப்படியோ சமாளித்துவிடும். கடைசி எழுத்தில்தான் நகலெடுப்பே தொடங்குகிறது. அங்கே பிடி கிடைக்காவிட்டால் வேலை நடக்காது. வைரஸ் கண்ணெதிரே இருந்தாலும் கோடு எழாது.

"வைரஸ் மாட்டிக்கிட்டான்!" என்று மேடம் மேசையைத் தட்டினார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மாறாத வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் புதுப் பிரைமர் வடிவமைத்தார்கள். இந்த முறை அவள் முழு மரபணுக்களோடு மட்டும் பொருத்திப் பார்த்தாள். இறாலின் சொந்த மரபணுவிலோ மற்ற வைரஸ்களிலோ போய்த் தவறாக ஒட்டாது என்பதையும் தேடி உறுதி செய்தாள். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். ஆர்டர் கொடுத்துவிட்டு, தொட்டியிலிருந்து புதிதாக ஒரு சாம்பிள் வேண்டும் என்று அண்ணனுக்கு போன் செய்தாள்.

"உன் லேபுக்கு என் கையால சாம்பிள் தர மாட்டேன். வேணும்னா நீயே வந்து அள்ளிக்கோ" என்று வைத்துவிட்டான். அவளே போய் அள்ளிக்கொண்டு வந்தாள். அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

பிரைமர் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை காலையில், அதுவும் கூரியர்காரரைப் போன் மேல் போன் போட்டு ஒரு வழி பண்ணிய பிறகு. வருகிற சாம்பிளில் பாதியை ஃப்ரீசரில் பத்திரப்படுத்த வேண்டும் என்பது லேபின் விதி. அதனால் அண்ணன் அன்று கொடுத்த அதே குஞ்சுகளின் மிச்சம் கைக்குக் கிடைத்தது. அதோடு புதுச் சாம்பிளையும், எதுவுமே இல்லாத வெறும் நீரையும் சேர்த்து இயந்திரத்தில் வைத்தாள். பழைய மிச்சத்தில் கோடு எழுந்தால், அண்ணன் கொடுத்தது விற்ற குஞ்சேதான். எழாவிட்டால் ஊர் சொன்னது நிஜம்.

முதலில் எல்லாக் கோடுகளும் படுத்தே கிடந்தன. அவள் நகத்தைக் கடித்தாள். மேடம் தன் பேனா மூடியைக் கடித்தார். நகலெடுக்கும் சுற்று ஒவ்வொன்றாக ஏற ஏற, பழைய மிச்சத்தின் கோடு லேசாகத் தலை தூக்கியது. "ஏறு, ஏறு, ஏறு..." என்று மேடம் முணுமுணுத்தார். ஏறியது! வளைந்து நிமிர்ந்து விறுவிறுவென்று ஏறியது! நீரின் கோடு அசையவே இல்லை. அவள் துள்ளிக் குதித்து மேடத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என் அண்ணன் மாத்தல மேடம்! மாத்தவே இல்ல!"

"தெரியுதும்மா, கழுத்தை விடு. எதுக்கும் மறுபடி ஒரு தடவை ஓட்டிடலாம்" என்றார் மேடம். அவளே சிரித்துவிட்டாள்.

மறுபடி ஓட்டியபோதும் அதே கோடு. ஆனால் இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. புதுச் சாம்பிளின் கோடும் பக்கத்திலேயே ஏறி நின்றது. முதல் தடவையே ஏறியிருந்ததுதான். சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. அண்ணனுடைய தொட்டிகளில் இன்னும் வைரஸ் இருக்கிறது. தாய் இறால் முதல் நேற்றுப் பொரித்த குஞ்சுவரை அத்தனையையும் அழித்தாக வேண்டும்.

"சங்கத்துக்கு ரெண்டு ரிசல்ட்டையும் எடுத்துக்கிட்டு நான் போறேன். தப்பு நம்ம சோதனையிலதான்னு நானே சொல்றேன். நீ அண்ணன்கிட்ட போ" என்றார் மேடம்.

அண்ணன் தொட்டியடியில் நின்றிருந்தான். அவள் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள். பிரைமர், ஓரம், கடைசி எழுத்து, தப்பாகச் சரிபார்த்தது தான்தான் என்பது, கடைசியில் தொட்டிகள். அவள் முடித்ததும் அவன் தொட்டிக்குள் கையை விட்டு நீரை அளைந்தான். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக் குஞ்சுகள் விரல்களுக்கு நடுவே துள்ளின.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்ணா."

"அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு" என்றான். அப்புறம் வேலையாளைக் கூப்பிட்டு, பம்புகளை நிறுத்திவிட்டுக் குளோரின் டிரம்மை எடுத்து வரச் சொன்னான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே. அதை மறுபடி கேளு."

பம்புகளை நிறுத்திவிட்டிருந்ததால் இந்த முறை கத்த வேண்டியிருக்கவில்லை.

"சாம்பிளை மாத்திக் கொடுத்தியாண்ணா?"

"இல்லடி" என்றான் அண்ணன்.