காற்று படக்கூடாதாம்!

இன்று காலை டாக்டரைப் பார்க்கப் போன காஞ்சிபுரம் பஸ்ஸில் இரண்டு பேர் சேர்ந்து என் உயிரைக் காப்பாற்றினார்கள். தப்பித்தது அதிர்ஷ்டம்தான்.

களத்துத் தூசி எனக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். திருப்புலிவனத்தில் நெல் தூற்றிவிட்டு நேராக வந்தவர்கள் ஏறினார்கள். துண்டால் மூக்கை மூடியும் பயனில்லை. மூச்சிழுப்பு வந்துவிட்டது.

இழுப்புக்கு டாக்டர் கொடுத்த எபிட்ரின் மாத்திரை சட்டைப்பையில்தான் இருந்தது. எடுப்பதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் கத்தினார்.

"அய்யோ, இவருக்கு இழுக்குது! காத்து படக்கூடாது, படுதாவ இறக்குங்கப்பா!"

இரண்டு பக்கமும் ஜன்னல் படுதா இறங்கியது. இருந்த கொஞ்சக் காற்றும் போயிற்று. என் வலது கையை அவரும் இடது கையை முன்சீட்டுக்காரரும் பிடித்து, சூடு வரட்டும் என்று பரபரவென்று தேய்த்தார்கள்.

பேச மூச்சில்லை. கையை உதறினேன்.

"பாரு, கை காலெல்லாம் இழுத்துக்கினு கீது. கெட்டியா புடி!"

கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கண்டக்டர் வந்து நின்றார்.

"இன்னாய்யா பேஜாரு இது? கைய வுடுங்க, அவரு டிக்கெட் எடுக்கணும்."

டிக்கெட் என்றதும் இருவரும் மரியாதையாக விட்டுவிட்டார்கள். சட்டைப்பையில் கைவிட்டு மாத்திரையை எடுத்து வாயில் போட்டேன். படுதாவையும் நானே தூக்கிவிட்டேன்.

காஞ்சிபுரம் நெருங்கும்போதுதான் மூச்சு சீரானது. அந்த மாத்திரை போட்டால் எனக்குக் கை நடுங்கும். பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"மறுபடியும் வருது, புடிப்பா கைய!"

நாளையும் டாக்டரிடம் போக வேண்டும். துணைக்கு யார் வருகிறீர்கள்? கையைத் தொடாதவர்கள் மட்டும் சொல்லுங்கள்.